நாகஜோதி கட்டின சேலை

ராசாத்தி விட்ட உதையில் வாளி உருண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியில் மோதி நின்றது. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தேன். வலியைவிட ஆத்திரம்தான் அதிகம். "ஏன்டி, இத்தன மாசமா ஒஞ்சாணியையும் மூத்திரத்தையும் அள்ளுனவ நானு. என்னையவா ஒதைக்கிற?" என்று கேட்டேன். அது என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலிக்கு அப்பால் கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. அங்கே அதற்கு யார் உட்கார்ந்திருக்கிறார்களோ!

விடியக்காலை போட்ட கன்று சாக்கின் மேல் கிடந்தது. பெண் கன்று, கிடேரி. எழுந்து நிற்கத் தெம்பில்லை. தூக்கிக்கொண்டுபோய் மடியில் வாயை வைத்தால் தாய் உதைக்கிறது. கறந்து ஊற்றலாம் என்று உட்கார்ந்தால் என்னை உதைக்கிறது. மடியோ கல்லாக இறுகி நிற்கிறது. மாட்டு டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார், மத்தியானத்துக்குள் சீம்பால் உள்ளே போகாவிட்டால் கன்று தாங்காது, பவுடர் பால் அதற்கு ஈடாகாது என்று. வேறு கறவைக்கு நாங்கள் எங்கே போவோம்? எம்.ரெட்டியபட்டியைத் தாண்டி இருக்கும் எங்கள் மாட்டு இல்லத்தில் உள்ளதெல்லாம் கிழடும் நொண்டியும்தான். செங்கல் சூளையில் முதுகு புண்ணான கழுதை, கொம்பு ஒடிந்த காளை, கண் தெரியாத ஆடுகள். வேறு யாருக்கும் வேண்டாதவை.

வேன் ஓட்டும் காளிராஜ் எனக்குக் கொழுந்தன் முறை. காலைக் கட்டிக் கறக்கலாம் மதினி என்று கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தான். கயிற்றைக் கண்டதுமே ராசாத்தி உடம்பெல்லாம் நடுங்கி நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. அவன் கயிற்றைத் தூரப் போட்டுவிட்டான்.

பின்னே நடுங்காதா? மழைக்கு முந்தி, திருச்சுழிப் பக்கம் ஒரு வறண்ட கண்மாய்க்குள்தான் அதைக் கண்டெடுத்தோம். ஓடிவிடாமல் மேயட்டும் என்று கழுத்துக்கும் முன்னங்காலுக்கும் சேர்த்துக் கயிறு போட்டு விட்டிருந்தார்கள். விட்டவர்கள் விட்டபடி போய்விட்டார்கள். கயிறு காலை அறுத்து உள்ளே போயிருந்தது. புண்ணில் புழு. விலாவெலும்பை எண்ணிவிடலாம். அந்தக் கோலத்தில் வயிற்றில் கன்று வேறு. ஊர்க்காரர்கள் சொல்லி, நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து தூக்கி வேனில் ஏற்றினோம். புழுவைப் பொறுக்கி எடுத்தவள் நான். புரட்டிப் போட்டு, கேப்பைக்கூழ் கரைத்து ஊட்டி, பருத்திக்கொட்டை ஆட்டி வைத்து, எழுந்து நடக்க வைத்தவளும் நான். ராசாத்தி என்று பேர் வைத்ததும் நான்தான்.

மாட்டுக்குச் சொந்தக்காரி ஒருநாள் வந்தாள். நாகஜோதி. புருஷன் கட்டடத்துச் சாரத்திலிருந்து விழுந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தானாம், பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாளாம், அவர்கள் பார்க்கவில்லையாம். வேலிக்கு வெளியே நின்று மாட்டின் காலைப் பார்த்தாள். "நீங்களே வச்சுக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். கிட்ட வந்து ஒரு தடவு தடவவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட, அவள் போன திசையைப் பார்த்து இந்த மாடு கத்தியதே ஒரு கத்து, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. என் குரலுக்கு ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை. பொறாமைதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? வயிறெரிந்துகொண்டுதான் அன்றைக்குத் தவிடு கலக்கினேன்.

இந்த இல்லத்தை நடத்துகிறவர் நாகசுப்பிரமணியன் சார். அருப்புக்கோட்டையில் பவர்லூம் வைத்திருக்கிறார். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அதக் கறந்து பழகுன கை ஒண்ணு இருக்கும்ல அமுதவள்ளிம்மா. அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வந்துருங்க" என்றார். எனக்கும் தெரியாததில்லை. அவர் வாயால் வரட்டும் என்றுதான் அதுவரை நான் சொல்லாமல் இருந்தேன்.

வேனில் போகும்போதே முடிவு செய்துவிட்டேன், அவளைக் கூட்டிவரப் போவதில்லை என்று. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கறக்கிறவள் ஊருக்குப் போய்விட்டால் அவள் கட்டின சேலையைச் சுற்றிக்கொண்டு வேறு ஆள் கறக்க உட்காரலாம். வாசனையில் மாடு ஏமாந்துவிடும். மீசை வைத்த ஆம்பளையே பெண்டாட்டி சேலையைச் சுற்றிக்கொண்டு கறப்பான், யாரும் சிரிக்க மாட்டார்கள். எனக்குச் சேலை போதும், அவள் எதற்கு?

நாகஜோதி வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் சாம்பல் கையோடு எழுந்தாள்.

"கண்ணு போட்டுருச்சாக்கா? கெடாரியா?"

"ம். எந்திரிக்க மாட்டேங்குது. தாயி கறக்க விட மாட்டேங்குது."

"இந்தா, கையக் கழுவிட்டு வாரேன். அதுக்குப் பேச்சுக் குடுத்துக்கிட்டேதான் கறக்கணும். நா வந்தா ஒடனே விட்டுரும்."

ஒடனே விட்டுருமாம்! "நீ வர வேண்டாம். கட்டுன சேல ஒண்ணு குடு, போதும்" என்றேன். "வண்டில எடமில்ல."

வேன் கதவைத் திறந்துபோட்டபடி அவள் வாசலுக்கு நேரேதான் நின்றது. உள்ளே ஒரு வெறும் சாக்கைத் தவிர ஒன்றுமில்லை. அவள் வேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வீட்டுக்குள் போனாள். காளிராஜ் எங்கேயோ பார்ப்பதுபோல் நின்றான். திரும்பி வந்தபோது வேறு சேலையில் இருந்தாள், அதுவரை கட்டியிருந்ததைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். சூடு ஆறாமல் இருந்தது.

"அன்னைக்கி அதோட புண்ணுக்காலப் பாக்க முடியலக்கா. அதான் ஓடியாந்துட்டேன்" என்றாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வேனில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

வழியில் யாரும் பார்க்காதபோது சேலையை மோந்து பார்த்தேன். சோப்பு, அடுப்புப் புகை, கொஞ்சம் வேர்வை. என் சேலையிலும் இதே வாசம்தான் இருக்கும். இதில் அப்படி என்ன கண்டுவிட்டது அந்த மாடு?

தொழுவத்தில் அதைச் சுற்றிக்கொண்டு கிட்டப் போனதும் ராசாத்தி மூக்கை நீட்டியது. முந்தானையை மோந்தது, தோளை மோந்தது. அப்புறம் நக்கியது. முரட்டு நாக்கால் தோளிலும் கையிலும் வரட்டு வரட்டென்று நக்கியது. இத்தனை மாதத்தில் ஒருதரம் என்னை நக்கியிருக்குமா? எனக்கு அழுகை முட்டியது. சந்தோஷத்தில் என்று நினைத்துவிட வேண்டாம்.

காம்பில் கை வைத்தேன். உதைக்கவில்லை. ஆனால் பாலும் வரவில்லை. பாலை மேலே இழுத்து வைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பீச்சு வந்திருக்கும், அதோடு சரி. "எறக்குடி ராசாத்தி, பிள்ள சாகுது" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். சொன்னதுதான் தாமதம், சட்டென்று விலகி, என்னை ஏற இறங்கப் பார்த்து மூச்சு விட்டது.

"வாயத் தொறக்காதீக மதினி. பேசுனா நீங்கன்னு தெரிஞ்சுருதுல்ல" என்று காளிராஜ் கிசுகிசுத்தான்.

நான் என்று தெரிந்தால் என்னவாம்! வாய் ஓயாமல் அதோடு பேசிப் பேசித்தானே அதை எழுப்பி நிறுத்தினேன். மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இறங்கவில்லை. கன்றின் வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். வாய் ஜில்லென்றிருந்தது. விரலைச் சப்பவில்லை. அதற்கு மேல் எனக்கு ரோஷம் பார்க்கத் தெரியவில்லை.

"அவளுக்குப் போனைப் போடு" என்றேன். "நம்பர் இருக்கா?"

"கட்டில்ல இருந்த அண்ணன்ட்ட அப்பவே வாங்கிட்டேன்" என்றான். படுபாவி, எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறான்.

தள்ளிப் போய் அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். போனை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"ஏ செம்பீ..." என்றது போன்.

மாட்டின் உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடியதைக் கையில் உணர்ந்தேன்.

"வந்துட்டேன்டி. எங்கயும் போகல. நில்லு தாயி. காலப் பெறட்டி வையி, ம், அப்படித்தான். ஏ செம்பீ..."

அப்படியா ஒரு பேர் இருந்தது அதற்கு! பின்னங்காலை ஒரு அடி பின்னால் வைத்து, வாகாக நின்றது. நான் இழுக்குமுன்பே காம்பு நிறைந்தது. மஞ்சளாக, தடிப்பாக இறங்கியது சீம்பால். காளிராஜ் பாட்டிலில் வாங்கிக்கொண்டு கன்றிடம் ஓடினான். முதல் வாய் வழிந்து கீழே போனது. இரண்டாவதும் போனது. அப்புறம் தொண்டை அசைந்தது. "குடிக்குது மதினி!" என்றான். பார்த்தேன். பாட்டிலைச் சப்பிக்கொண்டு வாலை ஆட்டியது கன்று. என் உயிர் திரும்பி வந்தது.

மடியை முழுக்க வடிக்காவிட்டால் வீக்கம் வந்துவிடும், அதனால் நான் எழவில்லை. அவளும் நிறுத்தவில்லை. வீட்டுக்காரர் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார் என்று மாட்டிடம் சொன்னாள். உன் தொட்டியை இன்னும் எடுத்துப் போடவில்லை என்றாள். மேலத்தெருக்காரி உன்னைக் கேட்டாள் என்றாள். மாடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பாலை விட்டது. அவள் சேலை, அவள் குரல். கை மட்டும் என்னுடையது. அந்தப் போனைத் தூக்கித் தொட்டியில் போட்டால் என்ன என்று தோன்றியது, மறைக்கவில்லை.

"அக்கா, பால் எறங்குதாக்கா?" என்றாள்.

எப்படிப் பதில் சொல்வேன்? போனை எடுத்து வாளிப் பக்கமாகப் பிடித்தேன். சர் சர்ரென்று நுரையில் பால் விழும் சத்தத்தைக் கேட்கட்டும் என்று. கேட்டிருப்பாள் போல. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஒங்கள நக்குதாக்கா?" என்றாள். "கறக்கும்போது என்னையத் தோள்ல நக்கிக்கிட்டே இருக்கும்."

அப்போதும் நக்கிக்கொண்டுதான் இருந்தது. வாயைத் திறக்காமல் இருக்க எனக்கு நல்ல சாக்கு இருந்தது. பேசினால் மாடு மிரளும், பால் நின்றுவிடும், காளிராஜே சாட்சி. இன்னும் இரண்டு காம்பு பாக்கி இருந்தது.

"ஒன்னயத்தான் நக்குது" என்றேன்.

சொல்லிவிட்டு, உதைக்கப் போகிறது என்று வாளியை இறுக்கி அணைத்துக்கொண்டேன். தோளில் நக்குவது நின்றது. உதைக்காமல், தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது மாடு. ஒரு காது போன் பக்கம் இருந்தது. இன்னொரு காது மெல்ல என் பக்கம் மடங்கியது.