சங்கிலி என்ற நான்காவது ஆள்

சோழவந்தானிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரும் கே.கே. நகர் பள்ளியில் பதினோராம் வகுப்பில் சேர்ந்து ஐந்து வாரமாகியும் எனக்கு ஒரு சிநேகிதி அமையவில்லை. பாண்டிமீனா கோபக்காரி என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். கோபப்படவாவது யாராவது பேச வேண்டாமா?

அதனால்தான் சரண்யாதேவி டீச்சர் எங்களை நான்கு நான்கு பேராகப் பிரித்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ரோகிணி, சித்தார்த், சூரியபிரகாஷ், நான். நால்வரும் வைகைத் தண்ணீரைப் பற்றி ஒரே ஆன்லைன் கோப்பில் சேர்ந்து எழுத வேண்டும். பேசிக்கொள்ள ஒரு வாட்ஸ்அப் குரூப். நான் கொடுத்தது அப்பாவின் எண். எங்கள் வீட்டில் இருப்பது அந்த ஒரு போன்தான்.

வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து அப்பா ஆறு மணிக்கு வருவார். வந்ததும் போனைப் பிடுங்கிக்கொள்வேன். யார் எதை எழுதுவது என்று குரூப்பில் கேட்டேன். 'ஓகே' என்று ரோகிணி ஒரு வார்த்தை போட்டாள், அதோடு சரி. ஆற்றைப் படமெடுத்து அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. பேர் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா எண்ணிலிருந்து வந்தால் வீட்டில் யாரோ ஒருவர் பேசுகிறார் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

கோப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. எங்கோ பேசிப் பிரித்துக்கொண்டு எழுதுகிறார்கள். எனக்கென்று ஒரு தலைப்பும் இல்லை. ரோஷம் வந்து, எங்கள் ஊர் ஆற்றில் கோடைக்கும் மழைக்கும் தண்ணீர் எப்படி மாறும் என்று நானாக மூன்று பக்கம் சேர்த்தேன்.

திங்கட்கிழமை டீச்சர் கோப்பைத் திரையில் போட்டார். எழுதியவர்கள் பட்டியலும் வந்தது. ரோகிணி, சித்தார்த், சூரியபிரகாஷ், சங்கிலி.

"பாண்டிமீனா ஒரு வரிகூட எழுதலையே. சங்கிலி யாரு?"

"எங்கப்பா, டீச்சர்."

வகுப்பே சிரித்தது. அப்பா ஐந்தாவதோடு நின்றவர், அவர் போனில் நான்தான் எழுதினேன் என்று அந்தச் சிரிப்புக்கு மேலே கத்திச் சொன்னேன். டீச்சர் நம்பினார், மதிப்பெண்ணும் போட்டார். மதிப்பெண்ணுக்கா நான் ஏங்கிக் கிடந்தேன்?

மணி அடித்ததும் ரோகிணி தானாகவே என்னிடம் வந்தாள்.

"அந்த நம்பர்ல மீசை போட்டோவப் பாத்து, உங்கப்பாவே பேசுறாருன்னு நெனச்சிட்டோம்ப்பா. அதான் பயந்து வேற குரூப் ஆரம்பிச்சோம். உன் நம்பர் குடு, சேத்துக்கிறேன்."

"அதே நம்பர்தான்."

"அப்ப அப்பா படிப்பாருல்ல?"

படிப்பார். எது வந்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். பொய் சொல்ல வாய் வரவில்லை, தலையாட்டினேன். மற்றவர்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். நல்ல பெண்தான். சாயங்காலம் பஸ் ஏறும்வரை திரும்பி வரவில்லை.

வீட்டில் அப்பா அவராகவே போனை நீட்டினார்.

"இந்தாத்தா. ஒன் கூட்டாளிக ஏதும் எழுதிருக்காகளா, பாரு."

குரூப்பைத் திறந்தேன். கடைசியாக இருந்தது நான் அனுப்பிய ஆற்றுப் படம்தான்.

"நெறைய எழுதிருக்காகப்பா."

"வாசி, கேப்போம்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ரோகிணி சொன்னதாக ஒன்று, சித்தார்த் சொன்னதாக ஒன்று, நானே சொல்லிக்கொண்டு போனேன். அப்பா அந்தத் திரையைப் பார்த்தபடியே, ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினார்.