மெர்வ் குந்தும் இடம்

ஆஸ்திரேலியாவின் கால்கூர்லிப் பக்கத்துக் கல்குவாரியில் நண்பகலில் நிழல் என்று ஒன்று இருந்தால் அது வில்மா ஓட்டும், கல் அள்ளும் லோடரின் பின்னால்தான். டயர்க்காரர் மெர்வ் தினமும் அங்கே குந்தித்தான் சாண்ட்விச் தின்பார். காது மந்தம், ஹாரன் ஏறாது. போன வாரம் வில்மா லோடரைப் பின்னுக்கு எடுத்தபோது அவர் தொப்பி மட்டும் சக்கரத்தில் போயிற்று. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்காகத்தான் பின்னால் ஆள் இருந்தால் கேபினுக்குள் கத்தும் ரேடார் வந்தது. ஃபிட்டர் கிளெம் அதை லோடரின் பின்பக்க எஞ்சின் மூடியின் உச்சியில் பொருத்தி, தாங்கிக்கு மஞ்சள் பெயின்டும் அடித்துவிட்டார்.

"என்ன கிளெம், ரேடாருக்கு நட்சத்திரம் எண்ண ஆசையா?"

"கீழ வெச்சா சேறு அப்பிக்கும், மகராசி. கல்லு தெறிக்கும்."

"சோதிச்சியா?"

"நானே பின்னால நடந்தேன். நல்லாக் கத்திச்சு."

"நீ ஆறடி ஒட்டகம். மெர்வ் குந்தினா எவ்வளவு? எங்க, நீ குந்து பாப்போம்."

"என் முட்டி மடங்காதுன்னு தெரிஞ்சே கேக்கற."

"மெர்வுக்காக மடக்கு."

சக்கரங்களுக்கு அணை கொடுத்துவிட்டு வில்மா மேலே ஏறித் திரையைப் பார்த்தாள். கீழே கிளெம் முனகிக்கொண்டே குந்தினார். கேபினில் சத்தமே இல்லை.

"கிளெம், அங்க இருக்கியா?"

"இருக்கேன் தாயே, சீக்கிரம் பாரு!"

"திரையில நீ இல்லையே! மஞ்சள் பெயின்ட் அடிச்ச சாமான் பொய் சொல்லுமா?"

டயரைப் பிடித்துத்தான் அவரால் எழ முடிந்தது.

"சரி, கீழயே வைக்கறேன். சேறு அப்பிக் குருடானா எங்கிட்ட வராத."

"பின் ஏணிக்குப் பக்கத்துல, இடுப்பு உயரத்துல வை. ஏறும்போதெல்லாம் நானே துடைக்கறேன்."

"இழுவைக் கொக்கியைப் பாத்துக் கத்துமே?"

"அப்ப கொக்கியைத் தாண்டி வெளியே நீட்டி வை. இதுக்கும் நானா ஃபிட்டர்?"

மஞ்சள் தாங்கி கழன்றது. மறுநாள் மதியம் வில்மா ரேடாரைத் துடைத்துவிட்டு ஏறினாள். கண்ணாடியில் யாரும் இல்லை. ரிவர்ஸ் போட்ட நொடியில் கேபின் அலறியது. பிரேக்கை மிதித்து எஞ்சினை அணைத்தாள். இறங்கிப் பின்னால் போனாள்.

மெர்வ் பாதி சாண்ட்விச்சோடு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, அதுக்குள்ள வேலை முடிஞ்சுதா?"

வில்மா அவர் கையைப் பிடித்து எழுப்பி, காதருகே போய்க் கத்தினாள்:

"நாளையிலருந்து கேபின்ல உக்காந்து தின்னு. ஏசி இருக்கு!"

"இத்தனை வருஷத்துல இப்பத்தான் கூப்பிடற," என்றார் மெர்வ்.

அன்று வில்மா தன் சாப்பாட்டைத் துளி விடாமல் தின்றாள். மெர்வின் மீதிப் பாதியையும்தான்.