வாயால் சொன்ன விலை

ராக்குவின் இரண்டு கைகளுக்கும் அவள் தகப்பன் உக்கிரபாண்டி போட்ட விலை மூன்று: கூடப் போக ஒரு பெண் துணை, பிள்ளையைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறோம் என்று முத்திரை வைத்த ஒரு கடிதம், முழங்காலுக்குக் கீழே இறங்குகிற கால்சட்டை. இதில் கால்சட்டையை விட்டுக்கொடுப்பதற்கென்றே சேர்த்திருந்தார். விட்டுக்கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாமல் அவர் எந்தப் பேரத்துக்கும் போனதில்லை.

உக்கிரபாண்டி மாட்டுத் தரகர். இருபத்திரண்டு வருஷமாகத் துண்டுக்கு அடியில் விரல் பிடித்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் துண்டுக்குள்ளே போகும். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு, எதை மடக்கினால் எவ்வளவு குறைவு என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டும் தெரியும். முகம் பாட்டுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. வேண்டாம் என்று விரலை உதறிவிட்டு, மறுநிமிஷம் அதே விரலை நீட்டலாம். இறங்கி வந்தது சந்தைக்குத் தெரியாது. யாருக்கும் மானம் போகாது.

2007 மே மாதம். உத்தரகோசமங்கைக்குத் தெற்கே இருந்த அவருடைய ஊருக்கு, ஸ்வீடன் நாட்டிலிருந்து இங்ரிட் என்ற பெண்மணி ஒரு மூட்டைக் கால்பந்துகளோடு வந்து இறங்கினார். சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்கு வந்த தொண்டு நிறுவனம் ஒன்று வலை கொடுத்தது, படகு கொடுத்தது, தையல் மிஷின் கொடுத்தது. மூன்றாவது வருஷம் கொடுக்க வேறொன்றும் தோன்றாமல் பந்து கொடுக்க முடிவு செய்தது. பாம்பனிலிருந்து ஒன்பது பிள்ளைகள் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் பதினைந்து பேர். வற்றிக் கிடந்த கண்மாய்தான் மைதானம். காலை ஆறு மணிக்கு ஒரு ஆட்டம், வெயில் தாழ்ந்து ஒரு ஆட்டம், மொத்தம் பத்து நாள் பயிற்சி.

முதல் நாள் ஆறு பந்தில் நாலு கருவேல முள்ளுக்குப் பலியாயின. மறுநாள் ஊரே விளக்குமாற்றோடு இறங்கிக் கண்மாயைக் கூட்டியது. "ஜில்லாவிலயே கம்மாய்க்கு வாச தெளிக்காத கொறையா கூட்டி விட்ட ஊரு நம்ம ஊருதான்" என்றார் டீக்கடை குருநாதன்.

கோலில் நின்று பந்து மறிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு ஜோடி கையுறைதான் வந்திருந்தது. பாம்பன் பிள்ளை நாகலெட்சுமி பாதி நேரம், ராக்கு பாதி நேரம். ராக்குவுக்குப் பதினாலு வயது. பட்டியை விட்டுத் துள்ளி ஓடுகிற ஆட்டுக்குட்டிகளைத் தாவிப் பிடித்தே வளர்ந்தவள். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று உதைக்கிறவனுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். நாகலெட்சுமியே இடுப்பில் கைவைத்து, "ஏட்டி, ஒனக்கு முதுகுலயும் கண்ணு இருக்கா?" என்று கேட்பாள்.

உக்கிரபாண்டி சாயங்காலம் தவறாமல் கரையில் வந்து உட்கார்ந்தார். மகள் விழுந்து எழும்போதெல்லாம் அவர் நெஞ்சும் விழுந்து எழுந்தது. ஆனால் ஒரு விஷயம் அவருக்குப் பிடிபடவில்லை. பந்தைப் பிடித்தவளையும் 'குட்' என்றார் இங்ரிட், விட்டவளையும் 'குட்' என்றார்.

"எல்லா மாட்டையும் நல்ல மாடுங்குற ஆளுகிட்ட எப்படிய்யா யாவாரம் பண்றது?" என்று பக்கத்தில் இருந்த சீனி முகம்மதுவிடம் கேட்டார்.

சீனி முகம்மது கீழக்கரைக்காரர். துபாயில் ஒரு பெரிய கடையில் பதினைந்து வருஷம் பில் போட்டுவிட்டு வந்தவர். இங்ரிட்டுக்கு மொழிபெயர்ப்பு அவர்தான். "அவுக யாவாரத்துக்கு வரலண்ணே" என்று சிரித்தார்.

"வராத ஆளு எவன் இருக்கான்?" என்றார் உக்கிரபாண்டி.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் இங்ரிட் ஒரு ஃபைலோடு கரையேறி, புளியமரத்தடிக்கு வந்தார். அங்கே இருபது பேர் இருந்தார்கள். பிள்ளைகள் பத்தடி தள்ளித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே," என்றார் சீனி முகம்மது, "ஆகஸ்ட்டுல இவுக ஊர்ல பிள்ளைகளுக்குப் பந்தயம் இருக்காம். இங்கனருந்து பத்துப் பேரக் கூட்டிட்டுப் போறாக. கோல் நிக்க ஒரு ஆளுக்குத்தான் எடம். அதுக்கு ஒங்க ராக்கு வேணுங்குறாக. பதினஞ்சு நாளு. டிக்கெட்டு, சாப்பாடு, பாஸ்போர்ட்டு செலவு எல்லாம் அவுக பொறுப்பு. பேரு நாளைக்கே அனுப்பணுமாம். ஒங்களுக்குச் சம்மதமா?"

உக்கிரபாண்டியின் வலது கை தானாகத் தோள் துண்டுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. ஊர் பார்க்க ஒரு பொம்பளையின் விரலைப் பிடிப்பதாவது? கை கீழே இறங்கியது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வாயால் பேரம் பேச வேண்டிய நிலை.

"வேண்டாம்னு சொல்லு" என்றார்.

சீனி முகம்மது குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, இது சந்தை வேண்டாமா, நெச வேண்டாமா? இவுககிட்ட வேண்டாம்னா வேண்டாந்தான்."

"ஒட்டகத்துக்குத் தரகு பாத்தவன் மாதிரி எனக்குச் சொல்லித் தாரியாக்கும்? நான் சொன்னதச் சொல்லுப்பா."

மரத்தடி சிரித்தது. சீனி முகம்மது சொன்னார். இங்ரிட்டின் முகம் வாடியது. மறுபடி ஏதோ கேட்டார்.

"உறுதியாத்தான் சொல்றீகளான்னு கேக்குறாக."

உக்கிரபாண்டிக்கு உள்ளே குளிர்ந்தது. ஒரே மூச்சில் இரண்டு தடவை கேட்கிற ஆள் மாட்டை அவிழ்க்காமல் சந்தையை விட்டுப் போகமாட்டான். இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும், அவ்வளவுதான். "பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்புறதா இல்ல" என்றார், மரத்தடி முழுக்கக் கேட்கும்படி.

இங்ரிட் கையை நெஞ்சில் வைத்து மெதுவாக இரண்டு வார்த்தை சொன்னார்.

"ஒங்க முடிவ மதிக்கிறாகளாம். ரெம்ப நன்றியாம்."

ஃபைல் மூடியது. அவர் கரையிறங்கிப் போவதைப் பார்த்த உக்கிரபாண்டி, தேர்ந்த கைதான் என்று மெச்சிக்கொண்டார். பத்தடி நடந்து காட்டுகிற வித்தை சந்தையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இந்த அம்மாள் இருநூறு அடி நடக்கிறாள். பிள்ளைகள் நின்ற பக்கம் மட்டும் உக்கிரபாண்டி திரும்பவில்லை.

வீட்டில் முருகம்மாள் அடுப்படியிலிருந்தே கேட்டாள். "ஏங்க, நெசமாவா வேண்டாம்னீக? தெருவே பேசுது."

"அந்தம்மா வரும். வெளக்கு வைக்கிறதுக்குள்ள வண்டி வாசல்ல நிக்குதா இல்லையா பாரு. மோரு கடஞ்சு வையி." பிறகு துணை, கடிதம், கால்சட்டை என்று தன்னுடைய மூன்றையும் விரல்விட்டுச் சொன்னார். "மொத வார்த்தையிலயே சரின்னுட்டா இதுல ஒண்ணாவது கெடைக்குமா? நம்ம பிள்ளைக்கு ஒரு மரியாத வேணாமா?"

"அந்தம்மாவுக்கு இது தெரியுமா?"

"யாவாரம்னா எல்லா ஊர்லயும் யாவாரந்தான்."

உள்ளறையில் ராக்கு நோட்டுப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். பக்கம் திருப்புகிற சத்தம் கேட்கவில்லை.

வண்டி வந்தது. தெருவில் திரும்பி, வாசலுக்கு நேராக வேகம் குறைந்தது. உக்கிரபாண்டி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். குறுக்கே போன ஆடுகள் கடந்ததும் வண்டி நேரே போய்விட்டது. மோரை அவரே குடித்தார்.

மறுநாள் காலை, கடைசி ஆட்டம் முடிந்ததும் இங்ரிட் பத்துப் பெயர் வாசித்தார். பத்தாவது பெயர் நாகலெட்சுமி. ஊர் கை தட்டியது. ராக்குவும் தட்டினாள். கையுறை போட்ட கையென்பதால் சத்தம் வரவில்லை. சாயங்காலம் பாம்பன் பிள்ளைகளோடு இங்ரிட்டும் சீனி முகம்மதுவும் கிளம்பினார்கள்; அடுத்த பயிற்சி பாம்பனில்.

அன்று இரண்டு வேளையும் ராக்கு தகப்பனுக்கு முன்னால் வராமல் அடுப்படியிலேயே சாப்பிட்டாள். மறுநாள் மாட்டுக்கு அவர் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"அய்யா, அனுப்பவே கூடாதுன்னு சொன்னீகளா? இல்ல, அம்மாட்டச் சொன்ன மாதிரி வெல ஏத்தச் சொன்னீகளா?"

"வெல இல்லத்தா. ஒனக்கு ஒரு பாதுகாப்பு வேணும்ல..."

"அத அவுககிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"எடுத்த ஒடனே கேட்டா எளக்காரமாப் போயிரும்த்தா. மொதல்ல வேண்டாங்கணும். அதான் மொற."

ராக்கு ஒரு பிடி வைக்கோலை எடுத்து மாட்டுக்கு நீட்டினாள். "அப்படி வேண்டாம்னு சொல்லிக் கெட்டுப்போன யாவாரம் இதுவரைக்கும் எத்தன?"

"ஒண்ணும் கெட்டதில்ல."

"நோட்டப் பாத்துச் சொல்லுங்க."

அவர் கை சட்டைப் பையைத் தொட்டது. அந்தக் குட்டி நோட்டில் தேதி, மாட்டின் நிறம், சுழி, கை மாறிய விலை எல்லாம் இருந்தன. முடிந்த வியாபாரங்கள் மட்டும். முடியாததை எந்தத் தரகன் எழுதி வைப்பான்?

அடுத்த நாள் அவர் பாம்பனுக்குக் கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை, ராக்குவுக்குத் தெரிந்திருந்தது. திருப்பிக் கொடுக்க மறந்து போயிருந்த கையுறையைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதையும் கொண்டு போங்க. அவளுக்கு வேணும்."

"அவளுக்கு எதுக்கு? நான் போய்ப் பேசுறேன்ல?"

அவள் கையை மடக்கவில்லை. வாங்கித் துண்டுக்குள் சுற்றிக்கொண்டார்.

உத்தரகோசமங்கையில் பஸ் ஏறும்போதே மனசுக்குள் கால்சட்டையை விட்டுக்கொடுத்தார். ராமநாதபுரத்தில் பஸ் மாறும்போது கடிதம் போனது. காகிதத்தில் என்ன இருக்கிறது, அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தாலே போதாதா? மண்டபம் தாண்டுகையில் பெண் துணையும் போனது. அந்த அம்மாளே பொம்பளைதானே? பஸ் பாலத்தில் ஏறி இரண்டு பக்கமும் கடல் விரிந்தபோது அவரிடம் விட்டுக்கொடுக்க மிச்சம் ஏதும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வெறுங்கையோடு ஒரு பேரத்துக்குப் போனார்.

விசாரித்துப் போன வீட்டு முன்னால் மணலில் கருவாடு காய்ந்தது. ஓரமாக இரண்டு துடுப்புக்கு நடுவில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் முன்னால் நாகலெட்சுமியை நிறுத்தி வைத்திருந்தார்கள். பாஸ்போர்ட்டுக்குப் படம். தலையை எண்ணெய் வழிய வாரியிருந்தது. காற்றில் பறந்த வேட்டியின் ஒரு முனையை இங்ரிட்டே பிடித்துக்கொண்டிருந்தார்.

கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். நாகலெட்சுமியின் தாய் ராமலெட்சுமி. "வாங்கண்ணே. ராக்கு அய்யாதான? வாய்க்கு வாய் எம்மக ஒங்க மக பேச்சுத்தான். நாங்கூட, அவதான போவான்னு இருந்தேன்."

உக்கிரபாண்டி மணலில் உட்கார்ந்தார். வந்த விஷயத்தைக் கேட்க வாயெடுத்தார். வேறொன்று வந்தது. "ஏத்தா, கூட ஆரு போறா, எங்க தங்குவாக, ஒண்ணும் கேக்காமலா சரின்ன?"

"கேட்டேனே. சரின்னு சொல்லிட்டு ஒண்ணொண்ணாக் கேட்டேன். அந்தம்மா உக்காந்து பதில் சொன்னாக. கூட இன்னொரு டீச்சரும் போறாகளாம்."

"மொதல்ல வேண்டாம்னு சொல்லிப் பாக்கலையா?"

"சொன்னா திரும்பி வந்து கேப்பாகன்னு எனக்கு என்னண்ணே நிச்சயம்?" அவள் ஒரு மீனைப் புரட்டினாள். "இவ அப்பா கடலுக்குப் போன அன்னைக்கு ஒரு விசயம் கேக்க இருந்துச்சு. வந்தப்புறம் கேட்டுக்கிருவோம்னு விட்டுட்டேன்."

சீனி முகம்மது பக்கத்தில் வந்து குனிந்தார். "என்னண்ணே, மனசு மாறிருச்சா? எடம் ஒண்ணுதான். ஆனா பேரத் திருத்த இன்னும் ரெண்டு நாளு இருக்கு. கேட்டா அந்தம்மா யோசிப்பாக. ராக்குதான் மொத ஆளுங்குறது எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் என்பதில் வெள்ளை வேட்டிக்கு முன்னால் நின்றவளும் சேர்த்தி. நாகலெட்சுமி கேமராவைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசையாத பாப்பா, இங்கன பாரு" என்றார் படக்காரர்.

இங்ரிட் வேட்டி முனையை விட்டுவிட்டுச் சிரித்த முகமாக வந்தார். "என்ன சொல்லட்டும்?" என்றார் சீனி முகம்மது.

உக்கிரபாண்டியின் விரல்கள் துண்டுக்கு அடியில் கையுறையின் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தன. எதிர்ப் பக்கம் கை இல்லை.

"கையுறையக் குடுத்துட்டுப் போக வந்தேன்னு சொல்லு."

"அண்ணே..."

"சொல்லுப்பா."

இங்ரிட் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் வந்தால் ராக்குவைப் பார்ப்பதாகச் சொன்னாராம். சந்தையில் 'அடுத்த சந்தைக்குப் பார்ப்போம்' என்றால் அதற்கு வேண்டாம் என்று ஒரே அர்த்தம்தான். இந்த அம்மாள் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதாவது இப்போது தெரிந்திருந்தது.

ஊர் திரும்பியபோது ராக்கு கண்மாயில் இருந்தாள். தம்பிமார் இரண்டு பேர் பந்தை உதைக்க, வெறுங்கையால் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் வந்தாள்.

"குடுத்தீகளா?"

"குடுத்தேன்."

"கேட்டீகளா?"

"கேக்கல."

ஏன் என்று கேட்பாள் என்று பதிலை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அவளோ சிவந்துபோன உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். "கெட்ட யாவாரம் எத்தனன்னு பாத்தீகளா?"

அவர் கரையிலேயே உட்கார்ந்தார். நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். நேரமானது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திரும்பி வருவான் என்று வெயிலில் நின்ற சந்தைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பால் வற்றிப் போன பசு. மயிலைக் காளை ஜோடி. வீரையா வீட்டு எருமை; அதை விற்க முடியாமல்தான் அந்த வருஷம் வீரையா ஊரை விட்டே போனார். எழுதி முடித்து நோட்டை மகளிடம் நீட்டினார்.

கெட்ட வியாபாரம்
காளை – 11
பசு – 4
எருமை – 2
ராக்கு – 1
ஆக மொத்தம் – 18

ராக்கு விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தாள். "கூட்டல் சரிதான்" என்றாள். பிறகு பென்சிலை வாங்கி, பதினெட்டுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, 'ராக்குவுக்குப் பாக்கி' என்று எழுதினாள். எதிரே எண் ஏதும் போடாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.