ஜிப்பின் கடைசி விரற்கடை

வெள்ளிக்கிழமை மதுக்கடையில் சொன்ன சொல் சனிக்கிழமை காலையில் பேக்கரி வரிசைக்கு வந்து சேர்ந்துவிடும். போர்ட்நாகரன் துறைமுகத்தில் அது கடல் ஏற்றம் மாதிரி. யாரும் கைவைத்துத் தடுக்க முடியாது. யூனனும் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன்தான். இருந்தும் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் நடுவில் சொன்னான்:

"கிரான்யாவுக்கு வயசாயிடுச்சுப்பா. இனிமே ஆழத்துக்குக் கோனல் கூடத்தான் இறங்கப் போறேன்."

கிரான்யா அவன் பெண்டாட்டி; கடலடிக்கு முக்குளிக்கப் போகையில் அவனுக்குத் துணையும் அவள்தான். கோனல் ஊரில் இன்னொரு முக்குளிக்கிறவன். அவனைவிட நான்கு மாதம் இளையவள் என்பதை அன்றிரவே ஊர் கணக்குப் போட்டுவிட்டது. காலையில் ரொட்டி வாங்க நின்றவளிடம் கசாப்புக் கடைக்காரர் மனைவி பிலோமினா, "ஏம்மா, ஓய்வெடுத்துக்கப் போறியாமே? நல்லது, முட்டியாவது தப்பிக்கும்" என்று பரிவோடு விசாரித்தாள். பிலோமினாவின் பரிவைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா!

அன்றோடு கிரான்யா புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். அவனும் வீம்புக்கு நிறுத்தினான். வீட்டில் சேதியெல்லாம் நாய் வழியாகப் போயிற்று. "சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு" என்பாள். நாய் அவனைப் பார்க்கும். "பசியில்லன்னு சொல்லு" என்பான். நாய்க்கு மட்டும் அந்த வாரம் இரண்டு பங்கு சாப்பாடு.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் கிரான்யாவுக்கு உள்ளே வேறு மாதிரி இருந்தது. கல்யாணமான கோடையிலிருந்து அவனோடு இறங்குகிறாள். முனைக்கு வெளியே முதல் உலகப்போரில் மூழ்கிய சரக்குக் கப்பல் ஒன்று அறுபது மீட்டருக்குக் கீழே கிடக்கிறது. அது ஏற்றி வந்தது முழுக்கக் குளியல் தொட்டிகள். அவற்றில் ஒன்றில் தொடை பருமனுக்கு ஒரு விலாங்கு குடியிருக்கிறது. அதற்குப் பாதிரியார் என்று பெயர் வைத்தது அவள்தான். அந்தக் கப்பலுக்கு அவனோடு போகும் இடம் பறிபோனால் மிச்சமிருப்பது பாத்திரம் கழுவும்போது பேசுகிற பேச்சுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை எத்தனை நாள் ஓட்டுவது?

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை கடல் தட்டு மாதிரி கிடந்தது. கோனலுக்கோ காதில் சீழ். படகுக்காரன் மேனஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "ஒத்தையா இறங்குறவன என் படகுல ஏத்த மாட்டேன். உன் சவப்பெட்டிய தூக்க என் தோள் சரியில்ல."

"நான் வர்றேன்னு சொல்லு" என்றாள் கிரான்யா, நாயிடம். இன்று ஒரு தப்புச் செய்தாலும் அவன் சொன்னது நிஜமாகிவிடும் என்று தெரிந்தேதான் கிளம்பினாள்.

படகில் ஏறியதும் மேனஸ், "நாய் எங்க? அது இல்லாம எப்படிப் பேசிக்குவீங்க?" என்றான். இருவரும் வெவ்வேறு திசையில் கடலைப் பார்த்தார்கள்.

குளிர்நீருக்கு உடுத்துகிற தண்ணீர் புகாத உடுப்புக்கு ஜிப் முதுகில், தோளுக்குத் தோள் ஓடும். தானே மூட முடியாது. மூடிவிடுகிறவர் கடைசிவரை விரலை ஓட்டிப் பார்த்து, தோளில் தட்டி, "மூடியாச்சு" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றவர் கேட்க வேண்டும். சாமி கும்பிடாமல் இறங்கினாலும் இதைச் செய்யாமல் யாரும் இறங்குவதில்லை.

கிரான்யா யூனனின் ஜிப்பை இழுத்தாள். அது இறுகி நின்றது; மூடிவிட்டது என்று விரலை ஓட்டிப் பார்க்காமலே விட்டாள். அவனே கேட்கட்டுமே என்று இருந்தாள். அவனோ, அவளே சொல்லட்டுமே என்று இருந்தான். இரண்டு வீம்புக்கும் நடுவில் ஒரு விரற்கடை திறந்தபடியே கிடந்தது.

கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். பச்சை போய்க் கறுப்பு வந்தது. கறுப்புக்குள் விளக்கொளியில் குளியல் தொட்டிகள் வெள்ளை வெள்ளையாக எழும்பின. கிரான்யா விளக்கால் வட்டம் போட்டாள். நலமா என்று கேள்வி. பதிலுக்கு வட்டம் போட்டே ஆகவேண்டும், எப்பேர்ப்பட்ட சண்டையானாலும். யூனன் போட்டான். வட்டம் கோணிக்கொண்டு நடுங்கியது.

கிட்டே போய்ப் பார்த்தாள். அவன் தோளிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் வரிசை கட்டி ஏறின. தன் கைவேலை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

ஜிப்பின் பிடியைப் பற்றி உள்ளங்கையால் உந்தி மூடினாள். ஆனால் உள்ளே போன தண்ணீர் போனதுதான். கட்டைவிரலை உயர்த்தி, மேலே என்றாள். நினைத்தவுடன் ஏறிவிடவும் முடியாது. ஆழத்தில் ரத்தத்தில் கலந்த காற்று மெல்ல வெளியேற வேண்டும். வழியில் அங்கங்கே நின்று நின்றுதான் வரவேண்டும். அவசரப்பட்டால் குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த கதைதான்.

அவன் விரல்கள் மடங்கவில்லை. இருக்குமிடத்தைப் படகுக்குக் காட்டும் மிதவையை அவள்தான் மேலே விட்டாள். மேலே வரவர வேறு உருளைக்கு மாற்ற வேண்டிய அவன் காற்றுக் குழாயையும் அவள்தான் மாற்றிக் கொடுத்தாள். கடைசி நிறுத்தத்தில், மேலே வெளிச்சம் கண்ணுக்குத் தெரிந்ததும் அவனுக்குப் புத்தி தடுமாறியது. உதறிக்கொண்டு ஏறப் பார்த்தான். கிரான்யா கயிற்றைக் காலால் சுற்றிக்கொண்டு இரண்டு கையாலும் அவனைக் கட்டிப் பிடித்தாள். அவன் திமிறினான்; அவள் விடவில்லை. பிறகு அவன் தலை அவள் தோளில் சாய்ந்தது. நேரம் முடியும்வரை அப்படியே தொங்கினார்கள்.

படகில் கம்பளியும் தேநீரும் கொடுத்தபிறகும் யூனனுக்குப் பல் தந்தியடித்தது.

"மூடியாச்சுன்னு... நீ சொல்லலயே."

"நீ கேக்கலயே."

"இறங்கும்போதே முதுகுல தண்ணி ஓடுச்சு."

"அப்பவே திரும்ப வேண்டியதுதானே, மடையா!"

"திரும்பினா உன்கிட்ட பேசணுமே."

மேனஸ் சுக்கானைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். காது மட்டும் இந்தப் பக்கமே இருந்தது. இல்லாவிட்டால் மீதி எங்களுக்கு எப்படித் தெரியும்?

"தப்பு என்னோடதுதான். விரல ஓட்டிப் பாக்கல" என்றாள் கிரான்யா.

"கோனலா இருந்தா அந்தக் கயித்துல என்னைப் பிடிச்சு வச்சிருக்க மாட்டான்."

"கோனலா இருந்தா ஜிப்ப ஒழுங்கா மூடியிருப்பான்."

யூனன் சிரிக்கப் போய் இருமினான். தேநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"போன கோடையில நீ கயித்த விட்டுட்டு நீரோட்டத்துல போனியே. அன்னிலேருந்து கண்ண மூடினா அதான் வருது. பயம்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதான் வயசுன்னு சொல்லிட்டேன்."

"உன் வெட்கத்துக்கு நான் கிழவியாகணுமா?"

"ஆகக்கூடாதுதான்."

"என்கிட்ட சொன்னா போதாது. எங்க சொன்னியோ அங்க வந்து சொல்லு."

அடுத்த வெள்ளிக்கிழமை மதுக்கடையில் நிற்க இடமில்லை. எல்லோரும் தற்செயலாகத்தான் வந்திருந்தார்கள், பிலோமினாகூட. யூனன் காது சிவக்க எழுந்து நின்றான்.

"கிரான்யாவுக்கு வயசாகல. எனக்குத்தான் பயம். அவ காணாமப் போயிடுவாளோன்னு பயம். அவ்வளவுதான்."

கிரான்யா ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வந்து உக்காரு. ஞாயித்துக்கிழமை காத்து அடங்கிடும்னு மேனஸ் சொல்றான், நாம இறங்கலாம்."