எலாஸ்டிக் கட்டிய கண்ணாடி

கண்ணாடிக் கடைக்காரர், "என்ன வேலைங்க பாக்கறீங்க?" என்று கேட்டதற்கு, "பனியன் துணி செக்கிங்குங்க, நாள் முழுக்கக் குனிஞ்சே பாக்கோணும்" என்று சொல்லித் தொலைத்தான் தரணீதரன். அவரும் நியாயமான மனுஷர். குறுகலான ஃபிரேமாக எடுத்து, மூக்கில் தாழ உட்காரும்படி பொருத்திக் கொடுத்துவிட்டார். ஸ்னூக்கரும் மேஜைமேல் குனிந்து கோலால் பந்தைக் குழியில் தள்ளுகிற ஆட்டம்தானே, ரெண்டுக்கும் இதுவே ஆகிவிடும் என்று தரணீதரன் கணக்குப் போட்டான். அங்கேதான் கோட்டை விட்டான்.

துணி மூக்குக்குக் கீழே கிடக்கும். பந்து அப்படியா கிடக்கிறது? கியூக் கோலின் மேல் தாடையை வைத்துக்கொண்டு புருவத்துக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தால், கண்ணாடி கீழேயே நின்றுவிடும், கண் மட்டும் மேலே போகும். ஃபிரேமின் விளிம்பு குறுக்கே வந்து பந்தைப் பாதியாக வெட்டும். கழற்றினாலோ மேஜையின் அந்தக் கோடி மஞ்சும் மூட்டமும்தான்.

அது இரண்டாயிரத்து ஒன்பது. எங்கேயோ அமெரிக்காவில் கடை சாத்தினால் திருப்பூரில் மிஷின் நிற்கும் என்று ஊரே படித்துக்கொண்டிருந்த வருஷம். தரணீதரனின் சின்ன யூனிட்டில் ஆர்டர் இருக்கிற நாளில் கரண்ட் இருக்காது, கரண்ட் இருக்கிற நாளில் ஆர்டர் இருக்காது. வீட்டில் மனைவி ஜனனியிடம் சொல்லவும் தெம்பில்லாத அலுப்பு அவனுக்கு. வாரம் முழுக்க அவனுக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான். மங்கலம் ரோட்டில் ஒரு மாடியில் இருந்த ஸ்னூக்கர் பார்லரில் இசக்கிமுத்துவோடு ஆடுகிற ஆட்டம் அது.

இசக்கிமுத்து சங்கரன்கோவில் பக்கம். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள். இவன் யூனிட் வைத்தான், அவன் இன்னும் டெய்லர்.

கண்ணாடி வந்த புதிதில் தரணீதரன் வரிசையாகத் தோற்றான். "போதும்ப்பா இசக்கி. கம்பெனியிலயும் தோல்வி, இங்கயும் தோல்வியா? இனி ஞாயித்துக்கிழமையாச்சும் ஊட்ல படுத்துத் தூங்கறேன்" என்றான். வாய்ப்பேச்சில்லை, நிஜமாகவே விட்டுவிடத்தான் நினைத்தான். கடைசியாக ஒரு தடவை என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, குருட்டாம்போக்கில் ஆடினான். ஜெயித்தான். அடுத்த வாரமும் ஜெயித்தான். "யானைக்கும் அடி சறுக்கும்லே" என்று இசக்கிமுத்து தலையைச் சொறிந்தான். அதற்கப்புறம் யானைக்கு வாராவாரம் சறுக்கியது. அந்த ஜெயிப்பை நினைத்துக்கொண்டுதான் தரணீதரன் திங்கட்கிழமை கம்பெனிக் கதவைத் திறந்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒரு யோசனை வந்தது. ரிஜெக்ட் ஆன ஜட்டி லாட்டில் இருந்து ஒரு முழம் எலாஸ்டிக்கை வெட்டினான். கண்ணாடிக் காம்பு இரண்டிலும் கோத்துத் தலையைச் சுற்றி இறுக்கினான். மூக்கில் பனியன் துண்டு ஒன்றை மடித்து முட்டுக்கொடுத்தான். கண்ணாடியின் மேல் விளிம்பு புருவத்தைத் தாண்டி ஏறி நின்றது.

"என்னலே இது, மண்டையில ஜட்டியப் போட்டுட்டு வந்திருக்க!" என்று இசக்கிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரித்தால் சிரிக்கட்டும். தரணீதரன் குனிந்தான். மேஜை முழுசாகத் தெரிந்தது. பச்சைத் துணியில் கிடந்த சாக்பீஸ் தூள்கூடத் தெரிந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் கண்ணால் பார்த்து ஆடினான். ஆட்டம் இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் கறுப்புப் பந்து மட்டும் மிஞ்சியது. அதைப் போடுகிறவனுக்கே ஆட்டம். கறுப்பு குழியின் வாயிலேயே நின்றது. முறை இசக்கிமுத்துவுடையது.

இசக்கிமுத்து குனிந்து குறி பார்த்தான். அப்புறம் அடிப்பதற்குச் சற்று முன்னால், கியூவின் முனையை ஒரு நூல் அளவு இடது பக்கம் தள்ளினான். வெள்ளைப் பந்து கறுப்பைத் தொடாமல் மேஜை விளிம்பில் இடித்துத் திரும்பியது.

"சே, யானைக்கும்..."

"சறுக்கலீங்க" என்றான் தரணீதரன்.

அவனுக்குக் கோபம் வந்தால்தான் மரியாதை கூடும். இசக்கிமுத்துவுக்கு அது தெரியும். கியூவை மெதுவாக மேஜையில் வைத்தான்.

"நாம் பாத்துட்டுத்தான் இருந்தனுங்க. எத்தன வாரமா இப்படி உட்டுக் குடுக்கறீங்க?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இசக்கிமுத்து அவ்வளவு கெட்டிக்காரனும் இல்லை. பொய் சொல்லக்கூட முயலவில்லை. "நீ வரமாட்டேன்னு சொன்னேல்லா, அதுக்கப்புறம்" என்றான்.

தரணீதரனுக்கு முகமெல்லாம் எரிந்தது. தான் மார்தட்டிக்கொண்ட ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிச்சையாகத் தெரிந்தது. "எம்மேல பரிதாபங்களா?"

"ஒம்மேலயா?" இசக்கிமுத்து சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தான். "வேல இல்லன்னு விஜயராணியையும் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பிட்டேன்லா. ரூம்ல நாலு பயலுவளும் செல்போன்ல பாட்டுக் கேட்டுட்டுக் கெடப்பானுவ. நீயும் வரலைன்னா இந்த ஊருல ஞாயித்துக்கெழம நான் யார்ட்டலே பேசுவேன்? நீ தோத்தா வரமாட்ட. அதான் நான் தோத்தேன்."

இசக்கிமுத்து பெண்டாட்டி பிள்ளைகளை ஊருக்கு அனுப்பியது தரணீதரனுக்குத் தெரியும். அப்புறம் எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. தன் அலுப்பையே வாரம் தவறாமல் கொட்டிவிட்டு, ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போயிருக்கிறான். வெட்கமாக இருந்தது.

வெள்ளைப் பந்தைக் கையால் எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தான். கறுப்பு இன்னும் குழியின் வாயில்தான் நின்றது.

"மறுக்கா அடிங்க."

"போட்டுட்டா நீ தோத்துருவ."

"தெரியுமுங்க."

இசக்கிமுத்து எழுந்து வந்து கியூவை எடுத்தான். குனிந்தான், ஆனால் அடிக்காமல் அப்படியே நின்றான். "அடுத்த வாரம்?" என்று பந்தைப் பார்த்தபடியே கேட்டான்.

நெற்றியில் எலாஸ்டிக் இறுக்கி வலித்தது. தரணீதரன் அதைக் கழற்றவில்லை.

"இதக் கட்டீட்டு வந்தது ஒரு நாளைக்கு மட்டுமாடா? அடிடா" என்றான்.

கறுப்புப் பந்து குழியில் விழுந்தது.

"அடிச்சிட்டேன்லே" என்றான் இசக்கிமுத்து, மன்னிப்புக் கேட்பவனைப் போல.

"பாத்தேன்" என்றான் தரணீதரன்.