முத்தாத்தாள் தோளில் ஒரு கை

பெரியநாயக்கன்பாளையத்து முத்தாத்தாளை யார் தொட்டாலும், தொட்ட விரலின் தடம் மூன்று நாளைக்கு அவள் தோலில் சிவந்து கிடக்கும். கோழி மிதித்தால் கோழிக்கால், பாயில் படுத்தால் பாய்ப்பின்னல். 1933 தை மாதம் அவளைக் கட்டிக்கொண்ட அங்கப்பனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் தண்ணீர் சேந்த வந்த பெண்கள் அவள் இடுப்பைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், மனுசன் ஒரு வாரம் கிணற்றுப் பக்கம் தலைகாட்டவில்லை.

சிவந்த இடமெல்லாம் எரியும் என்பது சிரித்தவர்களுக்குத் தெரியாது. அங்கப்பனுக்குத் தெரிந்தது. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக் காய்த்த கைகளை விளக்கெண்ணெயில் ஊறவைத்தான். சீயக்காயை நிறுத்திவிட்டுப் பச்சைப்பயற்று மாவு அரைத்துக் கொடுத்தான். புதுச் சேலை எடுத்தால் பத்துத் தடவை அலசி, நிழலில் உலர்த்தி, தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் அவளுக்கு. பொண்டாட்டிதாசன் என்றார்கள், இருந்துவிட்டுப் போகிறேன் என்றான். தேங்காயெண்ணெயை எந்தச் சூட்டில் தடவினால் மூன்று நாள் தடம் ஒரே நாளில் ஆறும் என்பது கோயமுத்தூர் வைத்தியர்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

1935 ஆவணியில் மகள் ராசாத்தாள் பிறந்தாள். பால்குடிக் குழந்தை பிறாண்டாத இடமில்லை. எரிய எரியச் சிரித்துக்கொண்டிருந்தாள் முத்தாத்தாள். எட்டாம் மாதம், சித்திரையில், காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் குழந்தை போய்விட்டது. போகும்போது அம்மாவின் இடது தோளைப் பிடித்திருந்தது.

அடக்கம் முடிந்து வந்த அங்கப்பன், பழக்கதோஷத்தில் எண்ணெயைச் சுடவைத்து எடுத்துவந்தான். அவள் தோளில் ஐந்து குட்டி விரல்கள்.

"வேண்டாமுங்க," என்றாள் முத்தாத்தாள். "ஆறிப்போயிருமுங்க."

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதான்.

நாலாம் நாளும் தடம் மறையவில்லை. எண்ணெய் படாமல், சேலைத் தலைப்புக்கூட உரசாமல் இருவரும் அதைக் காத்தார்கள். கோடையில் நெருப்பாக எரிந்தது. ஒரு சொட்டு எண்ணெயாவது வைக்கட்டுமா என்று அங்கப்பன் கெஞ்சினான். "எரியற வரைக்கும் அவ இருக்காளுங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுத்த ஆவணியில் அவன்தான் முதலில் கவனித்தான்: விரல்கள் நீண்டிருந்தன.

1939 மாசியில் காரமடைத் தேருக்குப் போனபோது, வளையல்கடை பீர் முகம்மதிடம் முத்தாத்தாள் தோளை விலக்கிக் காட்டினாள். மூன்றாவது வருடமாக மகளுக்கு அவரிடம்தான் வளையல் வாங்குகிறாள். அவர் ஒரு பச்சை வளையலை எடுத்து, தோலில் படாமல் ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்து அளவு பார்த்தார்.

"இது பத்தாதுங்க அம்மணி. கொஞ்சம் பெருசாவே எடுத்துக்கங்க. வளர்ற புள்ளை," என்றார்.

முத்தாத்தாள் சரியென்று ஒரு டஜன் வாங்கிக்கொண்டாள்.