நிரோஷா தெரிவு செய்த மென்பொருள்

பெல்மதுளைச் சந்தியில் மஹ்ரூப் பிரிட்ஜ் திருத்தும் கடை வைத்திருந்தார். தொலைபேசியில் வரும் முறைப்பாடுகளை எழுதிக்கொண்டு மெக்கானிக் இருவரையும் அனுப்பிவைப்பது நிரோஷாவின் வேலை. கஹவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள்.

2008இல் ஒரு வெள்ளிக்கிழமை எல்லாம் குழம்பிப்போனது. ஒரே வீட்டு முறைப்பாடு கொப்பியில் ஒன்று, துண்டுக் கடதாசியில் ஒன்று என இரண்டு தடவை ஏறிவிட, மெக்கானிக் இருவரும் அங்கே போய் நின்றார்கள். ஐஸ்கிரீம் கடை கன்னையாவின் முறைப்பாட்டை எழுதிய துண்டோ காற்றில் பறந்து மேசைக்கடியில் கிடந்தது.

மாலையில் கன்னையா வாளியோடு வந்தார். உள்ளே ஐஸ்கிரீம் பாயசமாகியிருந்தது.

"கிளாஸ் எடுங்க மொதலாளி, எல்லாரும் குடிப்போம். இனி இது வேற எதுக்கு ஆகும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நிரோஷாவுக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"வுடு புள்ள," என்றார் மஹ்ரூப். "முறைப்பாடு எழுத இலவசமாவே சொஃப்ட்வெயார் ஈக்காம். போட்டுப் பாப்போம்."

மறுநாளே இணையத்திலிருந்து கடைக் கணினியில் மூன்றை இறக்கினார். ஒன்று முப்பது நாளுக்கு மட்டுந்தான் இலவசம் என்று தெரிந்ததும் தூக்கிவிட்டார். இன்னொன்று அவர் மனதைக் கொள்ளைகொண்டது: வண்ண வண்ண வரைபடங்கள், நிரப்பப் பதினொரு கட்டங்கள்.

"இதுல எந்தக் கிளைன்னு கேக்குதே. நமக்குக் கிளையே இல்லையே மொதலாளி?"

"நாளைக்கு வரும்!"

மூன்றாவது சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு பக்கம். பெயர், இடம், தொலைபேசி எண், பழுது, போகிறவர். அவ்வளவுதான்.

"இது என்ன, மையத்து வீடு மாதிரி?" என்று சாவு வீட்டைக் கண்டவர்போல முகம் சுளித்தார் மஹ்ரூப்.

"அடுத்து வர்ற கோல்ல ரெண்டையும் பாத்துருவோங்க," என்றாள் நிரோஷா.

முதல் அழைப்பை மஹ்ரூப் எடுத்தார். ஒரு சிங்கள அம்மா பிரிட்ஜில் தொடங்கி மகன் கல்யாணம் வரை பேசி வைத்துவிட்டார். மஹ்ரூப் இன்னும் நாலாவது கட்டத்தில் இருந்தார்.

"நோனாட பேரு என்ன புள்ள?"

"நீங்கதானே பேசுனீங்க!"

அடுத்தது நிரோஷாவின் முறை. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு சாம்பல் பக்கத்தில் தட்டினாள். சரி ஐயா என்பதைச் சிங்களத்தில் "ஹரி மாத்தயா" என்று அவள் சொல்லி முடித்தபோது முறைப்பாட்டுக்கு இலக்கமே விழுந்துவிட்டது. அதே வேலைக்கு இரண்டாவது மெக்கானிக்கையும் போட்டுப் பார்த்தாள். ஒருவர் ஏற்கெனவே போகிறார் என்று திரை தடுத்தது.

மஹ்ரூப் தாடியைத் தடவினார். "மையத்து வீடே ஈக்கட்டும்," என்றார்.

இரண்டு வாரம் ஓடியது. ஒரு நாள் பின்னேரம் மஹ்ரூப் திரையைப் பார்த்துப் பதறினார்.

"புள்ள! எல்லாம் அழிஞ்சி போச்சு! ஒண்டையும் காணல!"

நிரோஷா ஓடிவந்து பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அழியலங்க மொதலாளி. முடியாத வேலையத்தான் இதுல காட்டும். எல்லா வேலையும் முடிஞ்சிருச்சி."

கடை திறந்த நாளிலிருந்து அப்படியொரு பின்னேரத்தை மஹ்ரூப் கண்டதில்லை. மெக்கானிக் இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.